ஆச்சியை புஷ் பண்ணிய கதை

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. பிலிம், கெமிக்கல், ஐஸ்கட்டி, கருப்பட்டி எல்லாம் வரும். டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க :)

எங்க வீட்டுல ஆச்சிக்கு ஒரே ஒரு படம்தான் இருக்கு. ஆச்சின்னா அம்மாவோட அம்மா. நான் பொறக்குறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டாங்க. ஊரு மாப்பிள்ளையூரணி, தூத்துக்குடிய ஒட்டினாப்புல இருக்கு. வேலை உப்பளத்துல. படம் கறுப்பு வெள்ளை. முகத்துல ஒரு பாதி தெரியும், மறுபாதி கரி பூசின மாதிரி இருட்டு. தெரியிற பாதியிலயும் மணலைத் தூவினாப்புல பொடிப்பொடியா இருக்கும். சின்னப் புள்ளையில அது ஆச்சி முகத்துல ஒட்டியிருக்குற உப்புன்னே நம்பிக்கிட்டு இருந்தேன். நிஜமாத்தான், சிரிக்காதீங்க.

பொட்டி தட்டுற வேலைக்கு வந்து, கையில நாலு காசு சேர்ந்து, ஊரே போன்ல படம் எடுக்கிற காலத்துல எனக்கு மட்டும் பிலிம் கேமரா கிறுக்கு பிடிச்சுது. அதுக்கப்புறம்தான் விஷயம் தெரிஞ்சுது. அது உப்பு இல்ல, வெள்ளி. அந்தப் படத்தை எடுத்த மாமா (தாய்மாமா, அப்போ டவுன்ல ஒரு ஸ்டுடியோவுல வேலை) பிலிமை 'புஷ்' பண்ணியிருக்கார். அவரு அந்த வார்த்தையைச் சொல்லல. "கூடக் கொஞ்ச நேரம் கழுவுனேன்"னுதான் சொன்னார்.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. பிலிம் டப்பாவுல 125 ஏஎஸ்ஏ, 400 ஏஎஸ்ஏன்னு ஒரு எண் போட்டிருக்கும். அந்த பிலிமுக்கு எவ்வளவு வெளிச்சம் வேணும்ங்கற கணக்கு. எண் ஏற ஏற வெளிச்சம் கம்மியா போதும். வெளிச்சம் பத்தாத இடத்துல 125 பிலிமை 500ன்னு நினைச்சுக்கிட்டு, வேண்டியதுல கால்வாசி வெளிச்சத்தை மட்டும் கொடுத்து படம் எடுத்துட்டு, அந்தக் குறையை டெவலப்பர்ல கூடுதல் நேரம் ஊறப்போட்டு ஈடுகட்டப் பார்க்கிறதுக்குப் பேரு புஷ். பாதி வெளிச்சம்னா ஒரு ஸ்டாப், கால்வாசின்னா ரெண்டு ஸ்டாப்.

இதோட சரித்திரத்தைத் தோண்டுனா முதல் அடியிலயே உப்பு வருதுங்க. 1830கள்ல இங்கிலாந்துல ஃபாக்ஸ் டால்பட் பேப்பர்ல படம் பிடிக்கப் பார்த்தப்போ செஞ்சது என்ன? பேப்பரை உப்புத் தண்ணியில நனைச்சுக் காயவச்சு, மேல சில்வர் நைட்ரேட்டைத் தடவினார். உப்பும் வெள்ளியும் சேர்ந்து சில்வர் குளோரைடு. வெயில் பட்டா கறுக்கும். படம் அதுக்கு மேல கறுக்காம நிக்கறதுக்கும் முதல்ல அவர் நம்பினது கெட்டியான உப்புக் கரைசலைத்தான். அப்புறம் 1839ல ஜான் ஹெர்ஷல் ஹைப்போவைக் காட்டிக் கொடுத்தார். இன்னைக்கும் நம்ம ஸ்டுடியோ பெருசுங்க ஃபிக்ஸரை ஹைப்போன்னுதான் சொல்வாங்க.

அந்தப் பேப்பருக்கு கேமராவுல மணிக்கணக்கா வெளிச்சம் வேணும். 1840 செப்டம்பர்ல டால்பட்டுக்கு ஒரு அதிர்ஷ்டம். கொஞ்ச நேரமே வெளிச்சம் பட்டு, வெறுமையா தெரிஞ்ச பேப்பர்ல காலிக் அமிலம் கலந்த கரைசலைத் தடவினதும் ஒளிஞ்சிருந்த படம் மெல்ல மேல வந்துச்சு. அதாவது வெளிச்சம் முழு வேலையையும் செய்ய வேண்டியதில்லை, விதை போட்டா போதும், மிச்சத்தை கெமிக்கல் பார்த்துக்கும். 1841ல கேலோடைப்னு பேர் வச்சு பேட்டன்ட் வாங்கிட்டார். என்னைக் கேட்டா உலகத்தோட முதல் புஷ் அதுதான். அதுக்கப்புறம் வந்தவங்க எல்லாம் கெமிக்கல்கிட்ட இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு பேரம் பேசுனவங்க.

இந்தப் பேப்பர் நெகட்டிவ் நம்ம பக்கமும் வந்துச்சு. மதராஸ் அரசாங்கத்துக்கு போட்டோகிராஃபரா இருந்த லின்னேயஸ் ட்ரைப்ங்கற கேப்டன் 1858ல ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரைன்னு சுத்தி எடுத்தார். அந்தப் படங்கள்ல கல்லு அப்படியே கல்லா நிக்கும். மனுஷங்க அபூர்வம். கல்லு ஆடாது, மனுஷன் ஆடுவான், அவ்வளவுதான் காரணம். எங்க கடற்கரையில முத்துக்குளிப்பைப் பத்தி நான் பார்த்த பழைய படங்களும் அந்த ரகம். தோணி நிக்கும், சிப்பிக் குவியல் கிடக்கும், குளியாளுங்க கேமராவைப் பார்த்து வெறைப்பா நிப்பாங்க. அரசாங்கம் நடத்துன கடைசி முத்துக்குளிப்பு தூத்துக்குடியில 1961ல முடிஞ்சு போச்சு. இருட்டுல, அசைவுல, வேலை நடக்குறப்போ எடுத்த படம் ஒண்ணு கிடைக்காதான்னு தேடிக்கிட்டே இருக்கேன்.

சரி, கெமிக்கல்கிட்ட எவ்வளவு தூரம் பேரம் பேசலாம்? இதுக்கு முதல்ல கணக்கு போட்டவங்க ஃபெர்டினாண்ட் ஹர்ட்டரும் வீரோ டிரிஃபீல்டும். ஒருத்தர் கெமிஸ்ட், இன்னொருத்தர் நம்ம ஜாதி, இன்ஜினியர் :) ரெண்டு பேருக்கும் வேலை இங்கிலாந்துல விட்னஸ்ங்கற ஊர்ல. நம்ம சாகுபுரம் மாதிரி உப்பை வச்சு கெமிக்கல் பண்ற ஊர். (மறுபடியும் உப்பு. நானா இழுத்துக்கிட்டு வரல, தானா வருது.) பொழுதுபோக்குக்கு போட்டோ எடுத்த இவங்களுக்கு ஒரே எரிச்சல், எல்லாரும் குத்துமதிப்பா கழுவுறாங்களேன்னு. பட்ட வெளிச்சத்துக்கும் படிஞ்ச வெள்ளிக்கும் என்ன உறவுன்னு அளந்து, வளைகோடா வரைஞ்சு 1890ல வெளியிட்டாங்க. இன்னைக்கும் பிலிம் கம்பெனிங்க குடுக்கிற தாள்ல அந்தக் கோடு இருக்கும்.

அந்தக் கோடு சொல்ற சேதி புஷ் பண்றவங்களுக்கு வயித்தெரிச்சல். கூடுதல் நேரம் கழுவுனா வெளிச்சம் நல்லா பட்ட இடம் கிடுகிடுன்னு கறுக்கும் (நெகட்டிவ்ல சொல்றேன், பிரிண்ட்ல அது வெள்ளை). நடுத்தரமா பட்ட இடம் ஓரளவு ஏறும். வெளிச்சமே படாத நிழல்? அது இருந்த இடத்துலயே உக்காந்திருக்கும். அதனால புஷ் பண்ணின படத்துல வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவுல இருக்கிற சாம்பல் எல்லாம் காணாமப் போய் முரட்டுத்தனமா தெரியும்.

எங்க ஊரு பாஷையில சொன்னா, பதநீர் காய்ச்சுற மாதிரி. அடுப்புல கூடக் கொஞ்ச நேரம் வச்சா பாகு கெட்டியாகும், கருப்பட்டி ஆகும். ஆனா பனை இறக்காத பதநீரை அடுப்பு கொண்டு வராது.

ஏன் அப்படின்னு காரணம் சொன்னது 1938ல கர்னி, மாட்னு ரெண்டு விஞ்ஞானிங்க. பிலிம்ல இருக்கிறது சில்வர் ஹாலைடு பொடிமணிகள். வெளிச்சம் பட்டா மணியில அங்கங்க வெள்ளி அணு ஒண்ணு ஒண்ணா சேரும். ஒரே இடத்துல ஒரு நாலு அணு கிட்ட சேர்ந்தாத்தான் டெவலப்பர் அதைப் பிடிச்சுக்கிட்டு மொத்த மணியையும் வெள்ளியா மாத்தும். ஒத்தை அணுன்னா அது நிலையா நிக்காது, கலைஞ்சு போயிரும். என்னை மாதிரி ஆளுங்களுக்கு இது நல்லா புரியும். ஒண்ணு இல்லாட்டி சைபர். இடையில பேச்சே கிடையாது. ஆனா இந்தக் கணக்கு முழுசா கைகொடுக்கிற இடமும் உண்டு. சாதாரண நேரத்துல டெவலப்பர் எட்டாம விட்டுட்டுப் போற, தகுதி இருக்கிற மணிங்க கொஞ்சம் இருக்கும். கூடுதல் நேரம் குடுத்தா அதுங்களும் மேல வரும். புஷ்ஷோட மொத்த ஆதாயமும் அந்தக் கொஞ்சத்துலதான்.

இதுல ஒரு கூத்தும் நடந்திருக்கு. அமெரிக்காவுல 1943ல ஏஎஸ்ஏ எண்ணை நிர்ணயம் பண்ணினப்போ, கத்துக்குட்டிங்க வெளிச்சம் கம்மியா குடுத்து படத்தைக் கெடுத்துறக் கூடாதுன்னு எண்ணையே வேணும்னே குறைச்சுப் போட்டாங்க. பாதுகாப்புக்கு. 1960ல அந்தப் பாதுகாப்பைக் குறைச்சு விதியை மாத்தினாங்க. கோடாக்கோட ட்ரை-எக்ஸ் (35 எம்எம்ல 1954ல வந்தது) 200ல இருந்து 400 ஆயிருச்சு. பிலிம்ல ஒரு மாத்தமும் இல்ல, டப்பாவுல எண் மட்டும். ஒரு வரி கோட் மாத்தாம வெர்ஷன் நம்பரை மட்டும் ஏத்தி ரிலீஸ் பண்ற கம்பெனிங்களை நானும் பார்த்திருக்கேன், அதனால ஆச்சரியப்படல. பத்திரிகை போட்டோகிராஃபருங்க இதை முன்னாடியே கண்டுபிடிச்சு டப்பா எண்ணை மதிக்காமத்தான் எடுத்துக்கிட்டு இருந்தாங்க. ஃபிளாஷ் அடிக்காம, இருக்கிற வெளிச்சத்துல எடுக்கிற பாணி அப்படித்தான் வளர்ந்துச்சு.

சினிமாக்காரங்களும் விடல. 1975ல குப்ரிக்கோட பாரி லிண்டன்ல மெழுகுவத்தி வெளிச்சத்துல எடுத்த காட்சிகளைப் பத்திப் பேசும்போது எல்லாரும் நாசாவுக்காக ஜைஸ் செஞ்ச எப்/0.7 லென்ஸைத்தான் சொல்வாங்க. அந்த லென்ஸும் பத்தாம 100 ஏஎஸ்ஏ பிலிமை ஒரு ஸ்டாப் புஷ் பண்ணித்தான் முடிச்சாங்கங்கறதை யாரும் சொல்றதில்ல. லென்ஸுக்குக் கிடைக்கிற பேரு டார்க் ரூம்ல நிக்கிறவனுக்குக் கிடைக்காது போல.

இதுவரைக்கும் எல்லாம் குளிர் நாட்டு சமாச்சாரம். இனிமே நம்ம வெயிலுக்கு வருவோம்.

பிலிம் கழுவுற நேரம் எல்லாம் 20 டிகிரி செல்சியஸ் கணக்கு. எங்க ஊர்ல குழாயைத் திறந்தா 30க்கு மேல வரும், சித்திரையில கேக்கவே வேண்டாம், கஞ்சி சூடு. ஒரு டிகிரி ஏறினா நேரத்தை ஏறக்குறைய பத்து சதவீதம் குறைக்கணும். 20 டிகிரியில ஏழரை நிமிஷம்னா 24ல ஏறக்குறைய அஞ்சு, 30ல ரெண்டரை நிமிஷம் சொச்சம். ரெண்டரை நிமிஷத்துல ஊத்தி, ஆட்டி, கொட்டுறதுக்குள்ள ஒரு பக்கம் வெந்தும் ஒரு பக்கம் வேகாமலும் இருக்கும். இன்னொரு வில்லங்கம் ஜெலட்டின். பிலிம்ல வெள்ளியைப் பிடிச்சு வச்சிருக்கிறது அதுதான். சூட்டுல ஊதும், இளகும். ராபர்ட் காப்பா 1944 ஜூன் 6ல நார்மண்டி கரையில எடுத்த ரோல்களை லண்டன்ல காயவைக்கிறப்போ சூடு தாங்காம உருகிப்போச்சுன்னு ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. 2014க்கு அப்புறம் அப்படி நடந்திருக்கவே முடியாதுன்னு ஏ.டி.கோல்மன் ஒரு பெரிய விசாரணையே நடத்தி எழுதியிருக்கார். அது உண்மையோ பொய்யோ, எங்க ஊரு ஸ்டுடியோகாரங்க அதைக் கேட்டா உடனே நம்புவாங்க.

இதுக்கு வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச வைத்தியம் ரெண்டு. டெவலப்பர்ல சோடியம் சல்பேட்டைக் கலந்தா ஜெலட்டின் ஊதாம அடங்கும். கோடாக்கோட டிகே-15ங்கற வெப்பமண்டல டெவலப்பர் அப்படிப்பட்டது. இன்னொண்ணு ஹைப்போவுல படிகாரம் சேர்த்து ஜெலட்டினை இறுக்குறது. ஆமா, சலூன்ல தாடி வழிச்சதும் தேய்ப்பாங்களே, அதே படிகாரம்தான். மூணாவது வைத்தியம் எங்க ஊருது, ஐஸ். மீன்பிடித் துறைமுகம் இருக்கிற ஊர்ல ஐஸுக்கா பஞ்சம்?

என்னோட சொந்தக் கருத்து ஒண்ணு சொல்றேன், ஏத்துக்கிறதும் விடுறதும் உங்க இஷ்டம். ஐஸ் வாங்க சோம்பல்பட்ட நாள்ல எல்லாம் இந்தப் பக்கத்து ஸ்டுடியோக்கள் தெரியாமலே புஷ்தான் பண்ணியிருக்கணும். சூடான டெவலப்பர்ல வழக்கமான நேரம் வச்சா அதுவும் கூடுதலா கழுவுறதுதானே. பழைய கல்யாண ஆல்பத்துல மாப்பிள்ளை சட்டை சுண்ணாம்பு மாதிரி வெளுத்தும், கோட்டு தனியா தெரியாம பின்னாடி இருட்டோட கலந்தும் இருக்குமே, அதுக்கு இது ஒரு காரணமா இருக்கும்னு நினைக்கிறேன்.

பிலிமும் லேசுல கிடைச்ச சாமான் இல்ல. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு, இறக்குமதிக் கட்டுப்பாடுன்னு இருந்த காலம். நம்ம நாட்டுலயே செய்வோம்னு அரசாங்கம் 1960ல தொடங்கினது ஊட்டியில இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். பிரான்ஸோட போஷே கம்பெனி தொழில்நுட்பம், 1967ல உற்பத்தி. பிலிமுக்குப் பேரு 'இந்து'. இந்துன்னா சந்திரன். வெள்ளியை சந்திரனோட உலோகம்னு சொல்ற ரசவாதிகள் வழக்கப்படி சில்வர் நைட்ரேட்டுக்கே லூனார் காஸ்டிக்னு ஒரு பழைய பேர் உண்டு, அதை நினைச்சு வச்சாங்களோ என்னவோ, பொருத்தமான பேர். ரோல் பிலிம், பிரிண்ட் போடுற பேப்பர், எக்ஸ்ரே பிலிம்னு ஆஸ்பத்திரியில இருந்து ஸ்டுடியோ வரைக்கும் போச்சு. அப்புறம் கலர் வந்துச்சு, பாலியெஸ்டர் எக்ஸ்ரே பிலிம் திட்டத்துக்கு வாங்கின கடன் கழுத்தை நெரிச்சுது, 1990கள்ல நலிவடைஞ்ச கம்பெனி ஆயிருச்சு. 2010கள்ல மிச்சமிருந்த தொழிலாளிங்களையும் விருப்ப ஓய்வுல அனுப்பினாங்க. ஊட்டிக்குப் போனா இந்து நகர்னு பேரு மட்டும் நிக்குது. டிஜிட்டல்தான் கொன்னுச்சுன்னு பொதுவா சொல்லிடுறாங்க. டிஜிட்டல் வர்றதுக்கு முன்னாடியே அது படுத்த படுக்கைதான்.

இன்னொரு பக்கம் கிழக்கு ஜெர்மனியில இருந்து ரூபாய் வியாபாரத்துல வந்த ஓர்வோ. வுல்ஃபன்ங்கற ஊர்ல இருந்த பழைய அக்ஃபா ஃபேக்டரி, 1964ல இருந்து ஓர்வோன்னு பேரு. எழுபதுகள்ல தமிழ் சினிமா பலதும் ஓர்வோ கலர்ல ஓடுச்சு. கறுப்பு வெள்ளையில என்.பி.20, என்.பி.22, என்.பி.27னு வரும். அந்த எண்ணு ஜெர்மன் கணக்கு, மூணு கூடினா வேகம் ரெட்டிப்பு. 20ன்னா 80 ஏஎஸ்ஏ, 22ன்னா 125, 27ன்னா 400. மாமா ஸ்டுடியோவுல இந்துவும் இருந்துச்சு, ஓர்வோவும் இருந்துச்சு. 27 மட்டும் அபூர்வம். 'அது முதலாளி பீரோவுல இருக்கும், சாவி அவரு இடுப்புல இருக்கும்'ங்கறார்.

இப்போ ஆச்சி படம். 1983.

ஆச்சி ஸ்டுடியோ பக்கமே வரமாட்டாங்களாம். உப்பளத்துல வெயிலுக்கு முன்னாடி வேலையை முடிக்கணும், அதனால ராத்திரி மூணு மணிக்கே கிளம்பணும். திரும்பி வந்தா படுத்துருவாங்க. மகன் படம் எடுக்கிற கடையில வேலை பார்க்கிறான், ஆத்தாவுக்கு ஒரு படம் இல்ல. மாமாவுக்கு அது உறுத்திக்கிட்டே இருந்திருக்கு. ஒரு நாள் கல்யாண வீட்டு வேலையை முடிச்சு வந்தப்போ யாஷிகா-மேட் கேமராவுல பதினொண்ணு எடுத்தாச்சு, ஒண்ணு மிச்சம். கேமராவை ஸ்டுடியோவுல வைக்காம வீட்டுக்குக் கொண்டு வந்துட்டார். முதலாளிக்குத் தெரியாது.

விடியறதுக்கு முன்னாடி ஆச்சி பின்னாடியே உப்பளத்துக்குப் போயிருக்கார். ஷெட்டுல ஒரு பெட்ரோமாக்ஸ். ஆச்சியை அதுல இருந்து ஒரு ஆறேழு அடி தள்ளி நிக்கச் சொல்லி, ஒரு கவுத்துக் கூடை மேல கேமராவை வச்சு, எப்/3.5, பதினஞ்சில் ஒரு பங்கு செகண்ட். உள்ள இருந்தது என்.பி.22. நான் கணக்கு போட்டுப் பார்த்தேன். அந்த விளக்குக்கு, அந்த தூரத்துக்கு, 500 ஏஎஸ்ஏ பிலிம் இருந்தா சரியா வரும். இருந்தது 125. ரெண்டு ஸ்டாப் குறை. மீட்டர் கிடையாது, மாமா கண்ணாலயே பார்த்து 'நாலுல ஒரு பங்குதான் விழும்'னு முடிவு பண்ணியிருக்கார். எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு.

அடுத்த சிக்கலைப் பாருங்க. ஒரு ரோலை ஒரே நேரந்தான் கழுவ முடியும். ஆச்சிக்காக கூடக் கழுவுனா பதினோரு கல்யாணப் படமும் பாழ். கல்யாணத்துக்காக சரியா கழுவுனா ஆச்சி வரமாட்டா.

மாமா ரோலை வெட்டிட்டார். கும்மிருட்டுல. 120 பிலிமுல எடுத்து முடிச்ச ரோலைப் பிரிச்சா கடைசிப் படம்தான் முதல்ல கைக்கு வரும், அது ஒரு சௌகரியம். பின்னாடி பேப்பரை விலக்கி, பிலிம் முனையைப் பிடிச்சு, ரெண்டு தீப்பெட்டியை வரிசையா நீட்டு வாக்குல வச்சு அளந்து, கத்திரிக்கோல். ரெண்டு தீப்பெட்டின்னா பத்து சென்டிமீட்டர். கடைசிப் படம் ஆறு, முனையில சும்மா விட்டிருக்கிற இடம் மூணு நாலு. "தப்பாயிருந்தா?"ன்னு கேட்டேன். "வேலை போயிருக்கும், வேறென்ன"ன்னார்.

பதினொண்ணை வழக்கம்போல கழுவியாச்சு. தட்டுல டெவலப்பரை ஊத்தி, பிலிமோட ரெண்டு முனையையும் பிடிச்சு ஊஞ்சல் மாதிரி ஏத்தி இறக்கிக் கழுவுறது அந்தக் காலத்து முறை. டெவலப்பர் டி-76. கோடாக் 1927ல சினிமாவுக்காக வெளியிட்ட சூத்திரம். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2. பாக்கெட்டா வாங்காம தனித்தனியா வாங்கி தராசுல நிறுத்துக் கலப்பாங்க. அப்புறம் தனித் துண்டு. துறைமுகத்து ஐஸை உடைச்சு பெரிய தட்டுல கொட்டி, அது மேல டெவலப்பர் தட்டு. மாமாவோட நோட்டுல நான் பார்த்தேன், வழக்கமான நேரம் 7ன்னு அச்சடிச்ச மாதிரி ஒவ்வொரு பக்கத்துலயும் இருக்கும். அந்தத் தேதியில மட்டும் 7க்குக் கீழ '12, அம்மா'ன்னு இருக்கு.

மத்த எந்தப் பக்கத்துலயும் ஆளு பேரு கிடையாது.

அந்த நெகட்டிவ் இப்போ என்கிட்ட இருக்கு. ஸ்கேன் பண்ணினேன். நம்மதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே, இருட்டுப் பாதியையும் கொண்டு வந்துரலாம்னு ஒரு திமிர். நிழலை மட்டும் தூக்கிப் பார்த்தேன், பல தடவை ஸ்கேன் பண்ணி சராசரி எடுத்தேன், ரெண்டு வாரம் ஆபீஸ் ஆணியை எல்லாம் ஓரமா வச்சுட்டு மல்லுக்கட்டினேன். வெளிச்சம் பட்ட பக்கம் கண்ணு, கன்னத்து எலும்பு, மூக்குத்தி, பின்னாடி உப்புக் குவியலோட விளிம்பு எல்லாம் நல்லா வருது. மறுபக்கத்துல எண்கள் எல்லாம் பிலிம் ஓரத்துல இருக்கிற அதே எண். படமே விழாத ஓரமும் ஆச்சியோட இடது கன்னமும் ஒண்ணு. அந்த மணிகள்ல நாலு அணு சேரல. 1983ல ஒரு பெட்ரோமாக்ஸ் அந்தப் பக்கம் எட்டல.

இப்போ சில மென்பொருள் முகத்தோட மறுபாதியைத் தானா வரைஞ்சு குடுக்கும். ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். அழகா ஒரு கிழவி வந்தா. அம்மாகிட்ட காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு "இது யாருல?"ன்னு கேட்டா. அழிச்சுட்டேன். ஆச்சிக்கு அந்தப் பக்கம் புருவத்துல ஒரு தழும்பு உண்டாம், அம்மா அப்பத்தான் சொன்னா. அது எனக்குத் தெரியாது, மென்பொருளுக்கும் தெரியாது.

சரி, நம்மளும் அதே இடத்துல புஷ் பண்ணிப் பார்ப்போம்னு இறங்கினேன். இப்போ சௌகரியம் அதிகம். இல்ஃபோர்டோட எச்பி5 பிளஸ் 400 ஏஎஸ்ஏ, மைக்ரோஃபென்னு புஷ்ஷுக்குப் பேர் போன டெவலப்பர் (மெட்டாலுக்குப் பதிலா ஃபெனிடோன் இருக்கும், நிழலைக் கொஞ்சம் கூடவே காப்பாத்தும்). 20 டிகிரியில 400க்கு ஆறரை நிமிஷம், 1600க்கு 11 நிமிஷம்னு கம்பெனியே தாள்ல போட்டிருக்கான். புஷ் பண்றதுக்குன்னே பிலிமும் இருக்கு. கோடாக் 1988ல விட்ட டி-மேக்ஸ் பி3200ல 'பி'ங்கறதே புஷ்தான். அசல் வேகம் 800லயிருந்து 1000 வரைக்கும்தான், 3200ங்கறது நீங்க கழுவித் தேத்திக்க வேண்டியது. 2012ல நிறுத்தி 2018ல திரும்ப விட்டாங்க.

உப்பளத்துல இப்போ பெட்ரோமாக்ஸ் இல்ல, தலையில மாட்டுற டார்ச். மூணரை மணிக்குப் போய், அங்க வேலை செய்ற அக்காமாருங்ககிட்ட கேட்டுட்டு ஒரு ரோல் எடுத்தேன். முதல் ரோல் என் அவசரத்தாலயே போச்சு. மே மாசம், தண்ணி 32 டிகிரி, தெர்மாமீட்டர் பார்க்காம 11 நிமிஷம் முழுசா வச்சுட்டேன். நெகட்டிவ் தார் ரோடு மாதிரி வந்துச்சு. மாமாவுக்கு போன் போட்டு அழுதேன்.

"மருமவனே, ஐஸ் போட்டியா?"

"இல்ல மாமா."

"பின்ன என்னத்தப் படிச்ச?"

ரெண்டாவது ரோல் ஐஸ் போட்டு வந்துச்சு. மணல் மணலா, முரடா, ஆனா வந்துச்சு. பிரிண்ட் போட்டு அந்த அக்காமாருங்களுக்கு குடுத்தேன். ஒரு அக்கா பார்த்துட்டு, "என்ன தம்பி, மூஞ்சியெல்லாம் உப்பா இருக்கு"ன்னு கேட்டாங்க.

பி.கு: அந்தப் பதினோரு கல்யாணப் படத்துல பதினொண்ணாவதுல மட்டும் கத்திரி கொஞ்சம் உள்ள ஏறிடுச்சாம். ஓரத்துல நின்ன பொண்ணோட சித்தப்பாவுக்கு முழங்கை இல்ல. முதலாளி பிரிண்டைப் பார்த்துட்டு "ஏம்ப்பா, இவரு கை எங்க?"ன்னு கேட்டதுக்கு, "நகந்து வெளிய நின்னுட்டாரு முதலாளி"ன்னு மாமா சமாளிச்சுட்டார்.